கிளப் கார்டு: நெட்ஸுக்கு வாங்கலாம், மேட்ச் டிக்கெட்டுக்கு வேண்டாம்

ஐபிஎல் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும் என்று நம்பி எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப்பில் சேர நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளப்பின் பெயரைப் போடவில்லை. கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடுகிறவர்களுக்கு எது என்று தெரியும்.

நான் ராயக்கோட்டை ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பந்து போடாவிட்டால் எனக்கு அன்றைய நாளே சரியாக ஓடாது. பையன் ஆறாம் வகுப்பு, இடது கை ஸ்பின் பழகுகிறான். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிளப்பில் குடும்ப உறுப்பினர் கார்டு எடுத்தேன். சேர்க்கைக் கட்டணம் 1,500 ரூபாய், ஆண்டுச் சந்தா 4,500. லண்டனில் லார்ட்ஸ் மைதானத்துக் கிளப்பில் உறுப்பினராக இருபது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நம் லண்டன்பேட்டையில் அந்தக் கஷ்டம் இல்லை, ஜிபேயில் பணம் போன அன்றே கார்டு கையில் வந்துவிடும்.

நெட்ஸ், அதாவது வலைக்குள் ஆடும் பயிற்சி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட் விக்கெட் இரண்டு, சிமெண்ட் பிட்ச் ஒன்று. வலை கிழிந்தால் அந்த வாரமே தைத்துவிடுகிறார்கள். கோச் பிள்ளைகளைத் திட்டாமல் சொல்லிக்கொடுக்கிறார். என் பையன் முன்பெல்லாம் பந்தை விரலால் சுழற்றாமல் உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவான், இப்போது பந்து நின்று திரும்புகிறது. குடிதண்ணீர் உண்டு, கழிப்பறையும் பரவாயில்லை. கார்டு போடும்போது கிளப் ஆட்கள் அழுத்திச் சொன்னது இதையெல்லாம் அல்ல. "உறுப்பினருக்கு மேட்ச் டிக்கெட் முன்னுரிமை" என்பதைத்தான்.

அந்த முன்னுரிமை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கிளப்புக்கு எங்கிருந்தோ கொஞ்சம் டிக்கெட் வருகிறது. எத்தனை என்று பொதுக்குழுவில் கேட்டும் எண்ணிக்கை சொல்லவில்லை. மார்ச் தொடக்கத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படிவம் போடுவார்கள், அரை மணி நேரம்தான் திறந்திருக்கும். எப்போது போடுவார்கள் என்பது கமிட்டிக்கு மட்டும் தெரியும். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் மாங்கூழ் ஃபேக்டரியிலும் சிப்காட்டிலும் ஷிப்டு பார்க்கிறவர்கள். உள்ளே போனால் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெளியே வந்து பார்த்தால் படிவம் மூடியிருக்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. உறுப்பினர் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, படிவம் மார்ச்சில் வருகிறது. அடுத்த வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர்களுக்குத்தான் படிவம் என்று விதி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் ஆசையில் எல்லாரும் மார்ச்சிலேயே கட்டிவிடுகிறோம். டிக்கெட் கிடைக்காவிட்டால் சந்தா திரும்பி வராது.

இத்தனையும் தாண்டி எனக்கு 2025 மார்ச் 28, சென்னை பெங்களூரு ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் ஒதுக்கினார்கள். எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய மேட்ச் கிடையாது. பெங்களூர் 90 கிலோமீட்டர், சென்னை 250க்கு மேல். அதனால் ஒரே தெருவில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. படிவத்தில் நான் கேட்டது 1,700 ரூபாய் டிக்கெட், அந்த சீசனில் சேப்பாக்கத்தில் அதுதான் குறைந்த விலை. அதன் மேல் டிக்கெட்டுக்கு 200 ரூபாய் கிளப் செலவு என்று வாங்கினார்கள், ரசீது தரவில்லை.

டிக்கெட்டை ஊரில் கொடுக்கவில்லை. சேப்பாக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. வெள்ளிக்கிழமை கடையை அடைத்து, பையனுக்குப் பள்ளியில் லீவு சொல்லி, காலையிலேயே பஸ் ஏறி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கோயம்பேடு போனோம். மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் அன்றைக்கு மெட்ரோவில் இலவசம். எங்கள் டிக்கெட்தான் டீக்கடையில் இருந்ததே, அதனால் இரண்டு பேருக்கும் காசு கொடுத்துப் போனோம். டிக்கெட் கொண்டுவந்தவர் ஆறேகாலுக்கு வந்தார்.

பிரித்துப் பார்த்தால் ஒன்று டி ஸ்டாண்ட் கீழ்த்தளம், இன்னொன்று கே ஸ்டாண்ட் மேல்தளம். மேல்தளத்துக்கு விலை 2,500 என்று வாசலிலேயே இன்னும் 800 ரூபாய் கேட்டார். பதினோரு வயதுப் பையனை ஒரு ஸ்டாண்டில் விட்டுவிட்டு நான் இன்னொரு ஸ்டாண்டில் உட்கார முடியுமா? கல்யாணப் பந்தியில்கூட அம்மா பிள்ளையைப் பிரித்து உட்கார வைக்க மாட்டார்கள். செயலாளருக்கு போன் போட்டேன்.

"ணா, டிக்கெட் கெடச்சதே பெருசு. ஒண்ணா உக்காரணும்னா டிவில பாருங்க" என்றார்.

அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது, அன்று அவருக்கு அப்படி எத்தனை போன் வந்திருக்குமோ. ஆனால் குடும்பக் கார்டு என்று பெயர் வைத்துப் பணம் வாங்கிய கிளப், ஒரு கார்டுக்கு இரண்டு டிக்கெட் தரும்போது பக்கத்து பக்கத்து எண்ணாக எடுத்துத் தர எவ்வளவு நேரம் ஆகும்? டிக்கெட் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினால் பத்து நிமிட வேலை.

கடைசியில் எங்கள் கிளப்பிலேயே லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் காப்பாற்றினார். அவர் தனியாக வந்திருந்தார், கையில் டி ஸ்டாண்ட் டிக்கெட். கேட்டுக்கு வெளியிலேயே மாற்றிக்கொண்டோம். உள்ளே போனபின் அதைச் செய்ய முடியாது. அப்போதும் இருக்கைகள் அடுத்தடுத்து இல்லை. ஓசூரிலிருந்து சிவப்பு ஜெர்ஸி போட்டு வந்த ஒரு தம்பி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். அன்று பெங்களூரு 196 அடித்து 50 ரன்னில் ஜெயித்தது, சேப்பாக்கத்தில் அவர்களுக்கு 2008க்குப் பிறகு அதுதான் முதல் வெற்றி. தோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 எடுத்தார். ஏழாவது விக்கெட் விழும் வரை அவரை ஏன் உட்கார வைத்தார்கள் என்று பஸ்ஸில் ஆம்பூர் வரை சண்டை நடந்தது, அதை இங்கே இழுக்கவில்லை.

அதே கே மேல்தளத்தில் எங்கள் கிளப் டிக்கெட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று லாரிக்காரர் மறுநாள் சொன்னார். மண்டிக்காரர்கள், குவாரி ஆட்கள், டீமுக்கு ஜெர்ஸி எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் மேட் வாங்குகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் "ஸ்பான்சருக்கு இத்தனை, உறுப்பினருக்கு இத்தனை" என்று எழுதி ஒட்டிவிடலாம். குலுக்கலில் வந்தது என்று சொல்கிறார்கள், அந்தக் குலுக்கலைப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள் காலியாக இருப்பதை டிவியில் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அவை திறந்தால் நமக்கும் இடம் வரும் என்று அப்போது பேசிக்கொண்டது ஞாபகம் வருகிறது.

கிளப் வேண்டாம், ஆன்லைனில் எடு என்பார்கள். எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விற்பனை திறந்த நிமிடமே நமக்கு முன்னால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் நிற்பதாகத் திரை காட்டும். அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு முன்பு வரியோடு 1,280, இனி 1,400. கிளப்பின் 200 ரூபாயும் சேர்ந்தால் கையைக் கடிக்கும்.

பெங்களூர் பக்கம்தானே என்றால், 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்ததற்குப் பிறகு வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். அங்கே நடக்க இருந்த பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களும் நவி மும்பைக்குப் போய்விட்டன. எந்த கேட், யாருக்கு டிக்கெட், எப்போது தருவார்கள் என்பதை முன்னாலேயே சொல்வதை வசதி என்று நினைக்காதீர்கள். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறேகால் மணிக் கூட்டத்தில் நின்றவன் சொல்கிறேன்.

நல்ல மேட்ச் பிள்ளைக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால் சேலம் தாண்டி வாழப்பாடி மைதானம் இருக்கிறது. 2020இல் திறந்தது, டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடக்கும். நாங்கள் போனபோது தள்ளுமுள்ளு இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் ஃபீல்டர் பேசுவது காதில் விழுந்தது. என் பையன் ஸ்பின்னரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், சேப்பாக்கத்தில் அவனுக்கு அது சரியாகத் தெரியவில்லை.

நெட்ஸுக்கும் கோச்சுக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், டிக்கெட்டுக்கு ஒன்று, அதுவும் லாரிக்காரருக்காக. பையனின் பயிற்சிக்குக் கார்டு தேவையில்லை, மாதம் 800 கட்டினால் போதும். கேட்டால்தான் சொல்வார்கள். நீங்களும் ஆட வேண்டும் என்றால் மார்ச்சில் அவசரப்படாமல் ஏப்ரல் முதல் வாரம் போய்க் கட்டுங்கள், முழு வருஷமும் கிடைக்கும். ஆபீஸ் மாலை ஆறரைக்கு மேல்தான் திறந்திருக்கும். ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் போதும், கூடவே ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.