பின்பக்கத்தைத் தொட்டுப் பார்: நாலு மாரி கண்ட எல்.ஈ.டி பலகை

இவ்வளவு வெயில் எரிக்கிற யாழ்ப்பாணத்தில் செடிக்கு எதற்கு லைட் என்று கேட்காத ஆளில்லை. மாரியில் நாற்றுப் போட்டவர்கள் மட்டும் கேட்க மாட்டார்கள். தையில் மிளகாய் நடுவதென்றால் கார்த்திகையில் நாற்று நிற்க வேண்டும். அந்தக் கார்த்திகையில்தான் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையோடு எங்கள் கோண்டாவில் வளவில் நின்ற எம்.ஐ.2 இன மிளகாய் நாற்றெல்லாம் அடித்தண்டு கறுத்துச் சரிந்துவிட்டது. மிஞ்சியதை மாடி அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, அதுவும் விழுந்தது. அந்தக் கவலையில்தான் அடுத்த வருஷம் எல்.ஈ.டி பலகை செய்யத் தொடங்கினேன். 2021இலிருந்து 2024 வரை நாலு மாரி பாவித்தாயிற்று. இரண்டு பலகை செய்தேன். ஒன்று போய்விட்டது, மற்றது நிற்கிறது.

முதலாவது ஊதா வெளிச்சப் பலகை. செடிக்கு 450 நானோமீற்றர் அலைநீள நீலமும் 660 நானோமீற்றர் சிவப்பும் போதும் என்று படித்துவிட்டு, அந்த இரண்டு நிறத்திலும் ஒரு வாட் எல்.ஈ.டி மணிகள் வாங்கி, மெல்லிய தகரத்தில் பசையால் ஒட்டினேன். செடி வளர்ந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலையைப் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். பனிப்பூச்சி விழுந்து நுனி இலை சுருண்டதை நான் கண்டது ஒரு கிழமை பிந்தி. அதுவும் தட்டை விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான். செடி வளர்க்கிறவனுக்குக் கண்தான் முதல் மருந்து. அதை மறைக்கிற வெளிச்சம் எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தேன்.

மூன்று மாதத்தில் சிவப்பு மணிகள் மங்கத் தொடங்கின. மணி மட்டமான சாமான் என்று நினைத்து, ரிவி திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மணிகளைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பத்து நிமிஷம் எரியவிட்டு, நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றிப் பின்பக்கத்தில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"தம்பி, லைட்டைப் பாத்துக்கொண்டு நிக்காதை. பின்பக்கத்தைத் தொட்டுப் பார். உன்ர கை பொறுக்காத சூட்டை அது எப்பிடிப் பொறுக்கும்?"

இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். இரண்டாவது பலகையை நான் பின்பக்கத்திலிருந்துதான் கட்டினேன். அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் கழிவாகக் கிடந்த தடித்த சட்டங்களை 40 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டுவித்து, நாலு வரிசையாக இணைத்தேன். ஒவ்வொரு மணியின் அடியிலும் சூட்டை அலுமினியத்துக்குக் கடத்துகிற வெப்பப் பசை மெல்லிதாகத் தடவி, இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். பசையைத் தடிப்பாகத் தடவக் கூடாது. இடைவெளியை நிரப்பும் அளவு இருந்தால் சரி.

மணிகள் மொத்தம் 24. அதில் 20 வெள்ளை, வெளிச்சத்தின் நிற அளவு 4000 கெல்வின். 4 சிவப்பு. வெள்ளை மணிக்குள் இருப்பதே நீலச் சில்லுத்தான், அதற்குமேல் நீலத்தை வெள்ளையாக்குகிற பொசுபர் பூசியிருக்கிறார்கள். அதனால் நீலம் தனியாக வாங்கத் தேவையில்லை. எல்லாம் ஒரே தொடர்: வெள்ளைக்கு 3.1 வோல்ட் படி 62, சிவப்புக்கு 2.2 படி கிட்டத்தட்ட 9, ஆக 71 வோல்ட். வீட்டுக் கரண்டை மணிகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் டிரைவர்; 300 மில்லி அம்பியர் மாறா மின்னோட்ட டிரைவரில் 21 வாட் வருகிறது. சுவரில் அளந்தால் 25. நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால் மாதம் பத்தரை யூனிட். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் மின்கட்டணம் ஏறிய பிறகு அம்மா இந்தக் கணக்கை மாதா மாதம் கேட்டார். நாற்றுக் காலம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அப்படியே செய்கிறேன்.

ஃபோனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளந்தேன். பலகைக்கு 25 சென்ரிமீற்றர் கீழே, நடுவில் 12,000, ஓரத்தில் 6,000. முற்றத்தில் உச்சி வெயிலில் ஒரு லட்சம். இவ்வளவு குறைந்த வெளிச்சத்தை நீண்ட நேரம் கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும், அதனால்தான் 14 மணித்தியாலம். ஓரம் வெளிச்சம் குறைவென்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைக்கிறேன். தும்புச்சோறும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் ஐந்து கிழமையில் தண்டு பென்சில் முனை அளவு தடிக்கிறது. அந்தக் கன்றுகள் வயலில் வாடாமல் நிமிர்கின்றன. ஆனால் நடுவதற்கு முன்பு ஒரு கிழமை விறாந்தை நிழலில் வைத்துப் பழக்காமல் நேரே வெயிலில் விடக் கூடாது. ஒரு தட்டை அப்படி விட்டேன், இலை வெள்ளையாகக் கருகிவிட்டது.

இனி டிரைவர் பற்றி. முதலில் பாவித்தது பெட்டியே இல்லாத மலிவானது. எட்டாம் மாதம் கபாசிற்றர் தலை வீங்கிச் செத்தது. அடுத்ததற்குள் இளஞ்சூட்டைத் தேடிப் பல்லி புகுந்து, அதுவும் போய், டிரைவரும் போய்விட்டது. இப்போது உலோகப் பெட்டியிலுள்ள டிரைவரைப் பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுவரில் பூட்டி, வயர் போகும் துவாரத்தை அடைத்திருக்கிறேன். வீட்டில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: இந்த வகை டிரைவர் சுமை இல்லாமல் 100 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். கரண்ட் இருக்கும்போது மணித் தொடரைக் கழற்றவோ பூட்டவோ வேண்டாம். கையும் போகும், மணியும் போகும். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். பலகையை நேரத்துக்கு எரித்து நிற்பாட்டுகிற சுழல் டைமரும் கூடவே நின்றுவிடும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். சில நாளில் பலகை நடுச்சாமத்தில் எரிந்தது. அந்தக் காலத்தில் தட்டுகளைக் காலையில் விறாந்தைக்கும் இரவில் அறைக்கும் நானே தூக்கினேன். பிறகு பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினேன், அதன்பின் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் மாரியில் கன்றுகள் மறுபடி நீளத் தொடங்கின. அளந்தால் நடுவிலேயே 9,000 லக்ஸ்தான். சூடு சரி, டிரைவர் சரி. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது மணிகளின் குமிழ்க் கண்ணாடியெல்லாம் கேத்திலின் அடியில் படிவது போல வெள்ளைப் பூச்சு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. அதைத்தான் காலையும் மாலையும் செடிக்கு விசிறியிருக்கிறேன். மழைத்தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாக, அழுத்தாமல், இரண்டு மூன்று முறை துடைத்தேன். 11,500க்கு வந்தது. இப்போது விசிறுவதே இல்லை, தட்டின் அடியில் ஊற்றுகிறேன்.

நாலு வருஷத்தில் 24 மணியில் செத்தது இரண்டே இரண்டு. தொடரில் ஒன்று போனால் முழுப் பலகையும் இருட்டு. மல்டிமீட்டர் வைத்துத் தேடிப் பிடித்தேன். இரண்டுமே ஒரு பக்க ஸ்க்ரூ தளர்ந்து, அலுமினியத்திலிருந்து ஒரு நகத்தளவு எழும்பி நின்றவை.

தக்காளிக்கென்று மூன்றாவது பலகை ஒன்று செய்யப் போகிறேன். அலுமினியம் வெட்டியாயிற்று, டிரைவரும் பெட்டியும் வந்துவிட்டன. மணி இன்னும் வாங்கவில்லை.