சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பழைய செவி சி10: எந்த வைத்தியம் எதற்கு?

1973 முதல் 1986 வரை வந்த செவர்லே (செவி) சி10 பிக்கப், 350 கன அங்குல வி8 எஞ்சின், மேலே ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். காலையில் தொட்டதும் எடுக்கும். நெடுந்தூரம் ஓடி, பெட்ரோல் போட நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முரண்டு பிடிக்கும். இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்: ஸ்பேசர் (கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும் தட்டு) போடு, எலக்ட்ரிக் பம்ப் போடு, ஃபோர்டு சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த ஸ்விட்ச்) போடு. எல்லாமே வேலை செய்யும் மருந்துகள்தான். ஆனால் நோய் இரண்டு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் வெறும் 'டக்' என்கிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அது கரண்ட் பக்கத்துக் கோளாறு. வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையா? அது பெட்ரோல் பக்கம், அல்லது ஸ்பார்க். இதைப் பிரிக்காமல் கடைக்குப் போனால் காசுதான் போகும்.

பெட்ரோல் பக்கம்

எஞ்சினை நிறுத்தியதும் ஃபேனும் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்டில் இருக்கும் சூடு மெல்ல மேலேறிக் கார்புரேட்டரைப் பிடிக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் கலப்பு, ஆவியாகும் குணத்தை இன்னும் கூட்டுகிறது. எளிதில் ஆவியாகும் குளிர்காலக் கலவை டேங்கில் இருக்கும்போதே திடீரென வெயில் அடிக்கும் மார்ச், ஏப்ரலில் இந்தப் புகார் அதிகம் வருவது இதனால்தான்.

ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் ஓடாதபோது உள்ளே பாருங்கள் (பக்கத்தில் நெருப்பு கூடாது). வென்சுரியில் (காற்று போகும் குறுகிய துளையில்) பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால், பௌலில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தில்) கொதித்து வழிகிறது. எஞ்சின் மூழ்கிக் கிடக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் எடுக்கும். பம்ப் அடிப்பதுபோல் மிதித்தால் இன்னும் மூழ்கும். மாறாக, ஆக்ஸிலேட்டரை அசைத்தும் உள்ளே இரண்டு பெட்ரோல் பீச்சல் வரவில்லை என்றால் பௌல் காலி, அல்லது லைனில் ஆவி அடைத்திருக்கிறது.

இங்கே போட்டியிடும் மருந்துகளில் முதலிடம் மூன்று முனை ஃபில்டருக்கு. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இது உட்காரும். மூன்றாவது முனை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குப் போகும். அந்த முனை மேல் நோக்கி இருக்க வேண்டும். ஆவி மேலேதான் சேரும். உள்ளே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் துளைதான் இருப்பதால் பம்ப் அழுத்தம் பெரிதாகக் குறையாது. பலர் கவனிக்காத நன்மை இன்னொன்று: நிறுத்திய பிறகு லைனில் அடைபட்ட பெட்ரோல் சூடேறி அழுத்தம் கூடும், அது நீடிலை (பௌலின் வாயை அடைக்கும் ஊசி வால்வை) தள்ளிப் பௌலை நிரப்பி வழியவிடும். ரிட்டர்ன் இருந்தால் அந்த அழுத்தம் டேங்குக்கு இறங்கிவிடும். ஆக இது ஆவி அடைப்பு, மூழ்கல் இரண்டுக்கும் கை கொடுக்கிறது. ஏசி வைத்த பல வண்டிகளில் ரிட்டர்ன் குழாய் ஏற்கெனவே ஓடியிருக்கும். அங்கே அரை மணி வேலை.

அரை அங்குல ஃபீனாலிக் (சூட்டைக் கடத்தாத பிளாஸ்டிக்) ஸ்பேசர் தடுப்பது கீழிருந்து ஏறும் சூட்டை. பௌலில் கொதித்து வழியும் கேஸுக்கு இதுவே சரி. லைனில் அடைக்கும் ஆவியை இது தொடாது. அலுமினிய ஸ்பேசர் சூட்டைக் கடத்தும், வாங்காதீர்கள். குவாட்ராஜெட்டின் பின்பக்க வால்வுகள் முன்பக்கத்தைவிட மிகப் பெரியவை. ஸ்பேசரின் துளை அவற்றுக்குப் பொருந்தாவிட்டால் வால்வு விளிம்பில் முட்டி நிற்கும். மாட்டியதும் கையால் முழுக்கத் திறந்து பாருங்கள். போல்ட்டும் அரை அங்குலம் நீளமாக வேண்டும். அழுத்தி முறுக்கினால் கார்புரேட்டர் வளைந்து வேக்கம் கசியும். ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரிக் பம்ப் கடைசி. டேங்குக்கு அருகில், தாழ்வாக மாட்டினால் லைனை அழுத்தத்தில் வைத்து ஆவியைத் தடுக்கும். காலியான பௌலையும் விரைவில் நிரப்பும். ஆனால் 7 பிஎஸ்ஐக்கு மேல் போனால் நீடில் தாங்காது. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக இணைக்காவிட்டால், விபத்தில் எஞ்சின் நின்றும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். பௌல் கொதிப்பதற்கு இதில் பதிலே இல்லை.

எதை வாங்கும் முன்னும், எக்ஸாஸ்டில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வைக் (குளிரில் சூட்டைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடுவது) கையால் ஆட்டிப் பாருங்கள். துருப்பிடித்து மூடிய நிலையில் சிக்கியிருந்தால் அந்தப் பக்கத்துச் சூடான புகை கார்புரேட்டருக்கு அடியில் போகிறது. சுத்தி, துருநீக்கி எண்ணெய் போதும்.

கரண்ட் பக்கம்

ஃபோர்டு வண்டிகளில் சொலினாய்டு ஃபெண்டரில் இருக்கும். செவியில் அது செல்ஃப் மோட்டாரின் முதுகில், எக்ஸாஸ்டுக்கு ஒட்டி. செம்புச் சுருள் 100 டிகிரி கூடினால் அதன் மின்தடை 40 சதவீதம் அளவுக்கு ஏறும். அதனால் இழுக்கும் பலம் குறையும். சாவியிலிருந்து வரும் ஊதா நிற வயரும் நீளம், நடுவில் பல கனெக்டர்கள்.

சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள். சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பாசிட்டிவ் கேபிளில் அரை வோல்ட்டுக்கு மேலோ, எர்த்தில் 0.3க்கு மேலோ இழப்பு இருந்தால் கேபிளை மாற்றுவதே மருந்து.

கேபிள் நன்றாக இருந்து எஸ் முனையில் (சொலினாய்டில் சாவியின் வயர் வந்து சேரும் முனை) மட்டும் வோல்ட் குறைந்தால் 70 ஆம்பியர் ரிலேதான் மருந்து. ஊதா வயர் ரிலேயை மட்டும் இயக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் நேராக எஸ் முனைக்குப் போகும். ஃபோர்டு சொலினாய்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. நிறுத்திய வண்டியில் எக்ஸாஸ்ட் பக்கத்தில் கரண்ட் உள்ள கேபிள் இருக்காது என்பது அதன் கூடுதல் பலம். ஆனால் செல்ஃபில் பேட்டரி கேபிள் மாட்டும் பெரிய முனைக்கும் எஸ் முனைக்கும் துண்டு வயர் போட்டு இணைக்கும் வழக்கமான முறை, நிரந்தரக் காந்தமுள்ள கியர் செல்ஃபுக்கு ஆகாது. சுற்றும் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பினியனை (எஞ்சினைச் சுற்றும் சிறு பல்சக்கரத்தை) விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ரிலேதான்.

ஹெடர் (கம்பெனி எக்ஸாஸ்டுக்குப் பதிலாகப் போடும் குழாய்கள்) மாட்டிய வண்டிக்குக் கியர் செல்ஃப் நல்ல தேர்வு. உருவம் சிறியது, குழாயிலிருந்து விலகி நிற்கும். அதற்கும் முன், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கரண்ட் தரும் பிங்க் வயரைக் கழற்றி ஸ்பார்க் இல்லாமல் செல்ஃப் அடியுங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் குற்றவாளி டைமிங் (ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக வருகிறது என்பது): 8 டிகிரி கேட்கும் எஞ்சினில் யாரோ 16 வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோலும் இருக்கிறது, சுற்றவும் செய்கிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை. ஆறினால் வருகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எச்இஐ மாட்யூல் (ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பாகம்). புதியதின் அடியில் வெப்பக் கிரீஸ் தடவாமல் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும்.