சிங்கப்பூரில் இரண்டே நாள்: எந்த உணவங்காடிக்கு எந்த வேளை?

சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கினால் கையில் இருப்பது ஆறு வேளைதான். உணவங்காடி நிலையங்களோ நூற்றுக்கும் மேல். ஹாக்கர் சென்டர் என்று ஊரறிந்த இந்த அங்காடிகளின் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்த பிறகு, கட்டாயம் போகவேண்டிய இடங்கள் என்று எழுதிக் குவிக்கிறார்கள். மணியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் அங்காடிக்கும் ஒரு வேளை உண்டு. அது தப்பினால் எவ்வளவு பேர்போன இடமானாலும் இழுத்து மூடிய ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆகவே இங்கே வேளை வாரியாகவே ஒப்பிடுகிறோம்.

காலை: தியோங் பாருவா, தேக்காவா?

தியோங் பாரு சந்தையில் கீழ்த்தளம் ஈரச்சந்தை, மாடியில் சாப்பாட்டுக் கடைகள். காலை எட்டு மணிக்கு இங்கே கேட்கவேண்டியது சுவீ குவே. சின்னக் கிண்ணங்களில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் வதக்கிய உப்பு முள்ளங்கியை மேலே அள்ளிப் போட்டுத் தருவார்கள். இட்லி தின்று பழகிய நாக்குக்கு உடனே பிடிபடும். ஆறிப்போனால் கெட்டிப்பட்டுவிடும் என்பதால் பார்சல் வேண்டாம், அங்கேயே சாப்பிடுங்கள்.

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையை, "நம்ம ஊர்ச் சாப்பாடுதானே" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. ஒதுக்கவே கூடாது. தமிழ் முஸ்லிம் சமையல்காரர்கள் சீன, மலாய்ச் சரக்குகளைக் கையில் எடுத்து இந்த வட்டாரத்திலேயே உருவாக்கிய பண்டங்கள் இங்கே இருக்கின்றன. சீனர்களின் மஞ்சள் மீயை, அதாவது நூடுல்ஸைத் தக்காளிச் சாஸ், மிளகாய் விழுதோடு பிரட்டினால் மீ கோரெங். பொரித்த வடை, டோஃபு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கி, இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்பில் தொட்டுத் தின்றால் இந்தியன் ரோஜாக். ரோஜாக் கடையில் துண்டுக்கு இவ்வளவு என்று விலை, நீங்களேதான் பொறுக்கி எடுக்கவேண்டும். கண் ஆசைப்பட்டதை எல்லாம் தட்டில் எடுத்தால் பில் எகிறிவிடும். இருவருக்கு ஐந்தாறு துண்டு போதும்.

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால் தியோங் பாருதான் எங்கள் தேர்வு. காரணம் எளிது: சுவீ குவே காலைப் பலகாரம், தேக்காவின் நல்ல சரக்கு பதினொரு மணிக்கு மேல் பிரியாணி இறங்கும்போதுதான் களைகட்டும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், தேக்காவை இரண்டாம் நாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காப்பி எந்த அங்காடியிலும் ஒரே மாதிரிதான் கேட்கவேண்டும். "கோப்பி" என்றால் கன்டென்ஸ்டு மில்க் கலந்தது. "கோப்பி ஓ" என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். பின்னால் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை கிடையாது, "சியூ டாய்" என்றால் சர்க்கரை குறைவு, "பெங்" என்றால் ஐஸ். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இங்கத்திய வழக்கம், அதனால்தான் டிகாக்ஷன் அத்தனை கறுப்பு. ஃபில்டர் காப்பியை எதிர்பார்த்து வாயில் வைக்காதீர்கள்.

மதியம்: மேக்ஸ்வெல்லா, சைனாடவுன் காம்ப்ளெக்ஸா?

இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான், குணமோ முற்றிலும் வேறு. மேக்ஸ்வெல் சிறியது, தரைத்தளம், வாசலிலேயே எம்ஆர்டி. ஹைனான் சிக்கன் ரைஸுக்குப் பெயர்போனது. கோழியைக் கொதிக்காத சூட்டில் மெதுவாக வேகவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் முக்குவதால் தோலுக்கடியில் வழவழவென்று ஒரு படலம் நிற்கும். எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்கவேண்டாம், அதன் பக்குவமே அதுதான். உண்மையில் கடைக்குக் கடை மாறுவது சோறு: கோழிக் கொழுப்பில் பூண்டு, இஞ்சியை வதக்கி அரிசியைப் புரட்டிக் கோழிச் சாற்றிலேயே வடிப்பது. முதல் வாய் சோற்றைச் சாஸ் ஊற்றாமல் தின்றுபாருங்கள்.

சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் சிங்கப்பூரிலேயே பெரியது. இரண்டாம் மாடியில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள், திசை தெரியாத சந்துகள். 2016-இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கி, 2021-இல் அதை இழந்த சோயா சாஸ் கோழிக் கடை பிறந்தது இங்கேதான். கடைப்பெயரை நம்பிக் கிளம்பினால் சுற்றிச்சுற்றி வருவீர்கள். 02 என்று தொடங்கும் கடை எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். தேர்வும் விலையும் இங்கேதான் சாதகம், ஆனால் நேரம் தின்னும். ஒரு மணி நேரமே இருந்தால் மேக்ஸ்வெல், இரண்டு மணி நேரம் இருந்தால் காம்ப்ளெக்ஸ். எங்கே போனாலும் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் நெரியும், இரண்டரைக்கு மேல் பல கடைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். பதினொன்றரைக்குள் போய்விடுவது உத்தமம். காலையில் தியோங் பாருவில் சாப்பிட்டிருந்தால் ஹேவ்லாக் நிலையத்திலிருந்து மேக்ஸ்வெல் இரண்டாவது நிறுத்தம்.

இரவு: லாவ் பா சாட், நியூட்டன், ஓல்டு ஏர்போர்ட் ரோடு

கண்ணுக்கு அழகு லாவ் பா சாட். 1894-இல் எழுந்த எண்கோண வார்ப்பிரும்புக் கூடம். வார நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் போக்குவரத்தை நிறுத்தி மேசை போட்டுச் சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சித் துண்டுகள்) சுடுவார்கள். உள்ளே இருக்கும் கடைகள் மற்ற அங்காடிகளைவிடக் கொஞ்சம் விலை கூடுதல், சுவையும் சுமார்தான். சாத்தேயை வெளியே முடித்துக்கொண்டு கிளம்பலாம். செட்டாக வாங்கும்போது மாட்டிறைச்சி வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நியூட்டனில் கடலுணவு. விலைப்பலகையில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான விலை. இறால், நண்டு எதுவானாலும் மொத்த எடையையும் மொத்தத் தொகையையும் கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். வாழையிலையில் சம்பல் என்ற மிளகாய் விழுதைப் பூசிச் சுட்ட திருக்கை மீன் ஒரு தட்டு, அதற்கு மேல் அங்கே தங்கவேண்டியதில்லை.

எங்கள் ஓட்டு ஓல்டு ஏர்போர்ட் ரோட்டுக்கு. எம்ஆர்டி வட்டப்பாதையில் (சர்க்கிள் லைன்) டக்கோட்டா நிலையத்தில் இறங்கவேண்டும். சுற்றுலாக் கூட்டம் குறைவு, குடும்பத்தோடு வரும் உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். ஹொக்கியன் மீ கேளுங்கள்: மஞ்சள் மீயும் அரிசிச் சேமியாவும் இறால், பன்றி எலும்புச் சாறு முழுவதையும் உறிஞ்சும்வரை வாணலியில் கிடக்கும். அவசரக் கடையில் சாறு தட்டில் தனியே நிற்கும். அதைப் பார்த்தே கடையை எடைபோட்டுவிடலாம். ஏழரைக்குப் பிறகு சரக்கு தீர்ந்துபோவது வழக்கம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் சம்பலில் காய்ந்த இறாலோ வாணலியில் பன்றிக் கொழுப்போ இருக்கலாம். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, சைவக் கடை என்றே தேடுங்கள். தேக்காவைச் சுற்றி, சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் போல, பயமில்லாத இடங்கள் உண்டு.

பெரும்பாலான தட்டுகள் 4 முதல் 7 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கும். கடைகளில் இருக்கும் க்யூஆர் பலவும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கானவை, சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது என்று பொருள், நீங்களும் அப்படியே பிடிக்கலாம். சாப்பிட்ட தட்டை ஹலால், மற்றது என்று பிரித்த அடுக்கில் வைத்துவிட்டு எழுவது 2021 முதல் கட்டாயம்: முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம்.

பயணத்தில் திங்கட்கிழமை வந்தால் திட்டத்தை மாற்றுங்கள். பேர்போன கடைகள் பல அன்று விடுமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் துப்புரவுப் பணிக்காக அங்காடி முழுவதையுமே மூடுவதும் பெரும்பாலும் வாரத் தொடக்கத்தில்தான். துப்புரவுத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது, டிக்கெட் போடும்போதே பார்த்துவிடலாம். அப்படி மாட்டிக்கொண்டால் அன்று இரவுக்கு லாவ் பா சாட்டை வைத்துக்கொண்டு, ஓல்டு ஏர்போர்ட் ரோட்டை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.