ஆற்றங்கரையா, கால்வாய்க்கரையா? கல்லிடைக்குறிச்சியில் காலாற நடக்க

திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள், காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார்கள். மறுநாள் விடியலில் நடக்கக் கிளம்புவதும் ஆற்றை நோக்கித்தான். முக்கால் மணி நேரத்தில் வேட்டியெல்லாம் நாயுருவி ஒட்டத் திரும்பி வருவார்கள். குளிக்க ஆற்றுக்குப் போங்கள், நடக்கக் கால்வாய்க்குப் போங்கள் என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. தாமிரபரணி இருக்கும்போது வெட்டிவிட்ட வாய்க்காலையா பார்ப்பது என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

பாபநாசத்தையும் மணிமுத்தாற்றையும் இதில் சேர்க்கவில்லை. அங்கே மலையும் அருவியும் சோதனைச்சாவடியும் உண்டு. ஆனால் அது வண்டியில் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பும் இடம். நான் சொல்வது சமவெளி நடை. வயல், வாய்க்கால், தோப்பு, கோயில், தேநீர்க்கடை என்று போவது. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலில் ஆற்று வழி. கல்லிடைக்குறிச்சி தென்கரையில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் வடகரையில். பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனால் மூன்று, நான்கு கிலோமீட்டர். பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை நீலமாகத் தெரியும். அந்தக் காட்சிக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆறு ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடுகிறது. முழு ஓட்டமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், ஆற்றங்கரையில் தொடர்ச்சியான பாதை கிடையாது. படித்துறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சீமைக்கருவேலம் மறிக்கும். அதைச் சுற்றிப் போனால் வாழைத்தோட்டத்து முள்வேலி. கடைசியில் லாரிகள் போகும் சாலைக்கே வந்து சேர்வோம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எனக்குப் பழக்கமான ஒற்றையடிப் பாதைகள் சிலவும் மணலோடு போய்விட்டன. ஆற்றின் மேல்பகுதியில் பரிகாரம் கழித்து விட்டெறிந்த வேட்டி சேலைகள் பாறைகளில் சுற்றிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நடப்பதும் மனத்துக்கு உவப்பாக இல்லை.

ஆனால் படித்துறையில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. தண்ணீருக்குள் கிடக்கும் கடைசிப் படியில் காலை வைத்தால், ஒரு நிமிடத்தில் சிறு மீன்கள் வந்து குதிகாலின் வெடிப்பைக் கொத்தத் தொடங்கும். பக்கத்துக் கல்லில் யாரோ மஞ்சள் உரசியிருப்பார்கள். பல தலைமுறைக் கைகள் உரசி உரசிக் கல்லிலேயே ஒரு குழி விழுந்திருக்கிறது, அதில் நேற்றைய மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கும். அக்கரையில் காசிபநாதர் கோயில். ஊரார் எரிச்சாவுடையார் என்பார்கள். சேர மன்னனிடம் தானமாகப் பொன் பெற்று வந்த கன்னட தேசத்து அந்தணர் ஒருவர், அதை இங்கிருந்த அர்ச்சகரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்து கேட்டபோது பொன்னுக்குப் பதில் துவரை இருந்தது. பொய்ச் சத்தியம் செய்த அர்ச்சகரை இறைவன் எரித்துவிட்டார் என்பது தலபுராணம். அந்தக் கன்னடியரின் பெயரில்தான் இரண்டாவது வழி.

கன்னடியன் கால்வாய். மீண்ட பொன்னை என்ன செய்வது என்று அவர் அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவின் பின்னே போ, அது போகும் வழியில் கால்வாய் வெட்டு என்று முனிவர் சொன்னாராம். பசு கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கதையை நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கரையில் நடந்து பார்த்தால் அது ஏன் பிறந்தது என்று காலுக்கு விளங்கும். மேய்கிற மாடு மேட்டில் ஏறாது, பள்ளத்தில் சட்டென்று இறங்காது. சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கால்வாயும் அப்படித்தான் போகிறது. தண்ணீர் தானாக ஓடவேண்டும், அதே நேரத்தில் உயரத்தை வீணாக்கவும் கூடாது. அதனால் சரிவு இருப்பதே தெரியாத அளவுக்குச் சமமாக வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கரையில் கிழக்கே பார்த்து நின்றால் இடப்புறம் ஆற்றை நோக்கி இறங்கும் நஞ்சை, பச்சைப்பசேல் என்று. அம்பாசமுத்திரத்து ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 நெல்லையும் அதில் பார்க்கலாம். வலப்புறம் பெரும்பாலும் தண்ணீர் ஏறாத மேடு, பனையும் உடைமரமும். ஒரே அகலக் கரைதான், இரண்டு பக்கமும் இரண்டு நாடு. ஏறக்குறைய 12,500 ஏக்கருக்கு இந்தக் கால்வாயே பாசனம். ஆற்றங்கரையில் நடப்பவனுக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது. பள்ளத்தாக்கைப் பச்சையாக வைத்திருப்பது எது என்று கால்வாய்க்கரையிலிருந்துதான் தெரியும்.

ஒரு நாள் காலை ஒரு மடையருகே நின்றுவிட்டேன். முதியவர் ஒருவர் வாயில் பீடியோடு குனிந்து, வைக்கோலும் சேறும் சேர்த்துப் பிசைந்த உருண்டையால் கசிவை அடைத்துக்கொண்டிருந்தார். உருண்டையை வைத்துக் குதிகாலால் ஒரு மிதி, பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல். கசிவு நின்றது. "இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றார் என்னைப் பார்க்காமலே.

வழக்கமாக நான் போவது வெள்ளாங்குளி வரை. அங்கேதான் கன்னடியன் கால்வாயிலிருந்து புதிய வெள்ளநீர்க் கால்வாய் பிரிகிறது. தாமிரபரணியின் உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகும் திட்டம். பழைய கால்வாயின் வளைவும் புதியதன் விறைப்பும் அடுத்தடுத்துத் தெரியும் இடம் அது. ஒன்று மாடு நடந்த வழி, மற்றொன்று பொக்லைன் நடந்த வழி.

திசையில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் ஊரிலிருந்து கிழக்கே நடந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வெள்ளாங்குளிக்குப் பஸ்ஸில் போய் இறங்கி மேற்கே திரும்பி நடந்தால், வெயில் முதுகில், பொதிகை எதிரில். மாலையில் இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

குறைகளை மறைக்கவில்லை. ஊருக்குள் கால்வாய் ஓடும் பகுதியில் மூக்கைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கரையை மோட்டார்சைக்கிள்காரர்கள் குறுக்குச்சாலையாக்கிவிட்டார்கள். நாய்கள் உண்டு. கையில் ஒரு கம்பு இருந்தால் போதும், வீசத் தேவையில்லை. அறுவடைக் காலத்தில் வரப்பில் இறங்குவதாக இருந்தால் காலுக்குக் கீழே பார்த்து வையுங்கள், எலியைத் தேடிப் பாம்பு வரும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் நிறுத்திவிட்டால் கால்வாய் வெறும் பள்ளம், அதில் பிளாஸ்டிக்தான் மிச்சம். அந்த இரண்டு மாதமும் ஆற்று வழி ஜெயித்துவிடுகிறது, மறுக்கவில்லை.

மூன்றாவது, வீரவநல்லூரில் இறங்கித் திருப்புடைமருதூருக்கு நடப்பது. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தார்ச்சாலை, நடை என்று பார்த்தால் மூன்றில் இதுதான் கடைசி. நிழல் விட்டு விட்டு வரும். ஆனால் போய்ச் சேரும் இடம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். மூலவர் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நின்று கூப்பிட்ட கருவூர்ச் சித்தரின் குரலைக் கேட்கச் சாய்ந்தார் என்பார்கள். ஐந்து நிலை ராஜகோபுரத்தின் உள்ளே மரத்தூண்களில் சிற்பம், சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள். கப்பலில் குதிரைகள் வந்து இறங்கும் காட்சி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். நான் போன இரண்டு முறையில் ஒரு முறைதான் மேலே ஏற வாய்த்தது. கோயிலில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், டார்ச் கொண்டுபோங்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள மருதமரங்களிலும் இலுப்பை மரங்களிலும் சாம்பல் நாரை, நீர்க்காகம், கொக்கு எல்லாம் கூடு கட்டுகின்றன. 2005இல் இதைப் பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர் கூட இல்லை, ஆனால் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம். மரத்தடியில் நிற்பவர்கள் குடையோடு நிற்பது உத்தமம், மழைக்காக அல்ல.

ஆக, ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது, மாதம் மாசியோ பங்குனியோ என்றால் திருப்புடைமருதூருக்குப் போங்கள். போகும்போது பஸ்ஸிலேயே போய்விடுங்கள், நடந்ததாக யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் படித்துறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தங்குபவர்களுக்குத்தான் கால்வாய், அது ஒரு நாளில் பிடிபடுகிற சரக்கல்ல.

கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்கும் நாளில் ஊரில் இருந்தால் மட்டும் வெயிலைப் பார்க்காமல் கிழக்கே நடங்கள். காய்ந்த கால்வாய்க்குள் தலைத்தண்ணீர் சருகையும் செருப்பையும் தள்ளிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்திலேயே வரும். போன வருடம் அதன் கூடவே நடந்தேன். குழிகளில் அது தேங்கியபோது நான் காத்திருந்தேன். வெள்ளாங்குளிக்குச் சற்று முன்பு தேநீர் குடிக்க ஒதுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அது என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.