விளையாடும்போது அணையும் கேமிங் லேப்டாப்: மூன்றாம் வருஷத்தில் எங்கே கை வைப்பது

கேமிங் லேப்டாப் ஆட்டத்தின் நடுவே பட்டென்று அணைந்தால் எல்லோரும் முதலில் சொல்வது, "ஹீட் ஆகுது, பேஸ்ட் மாத்துங்க." பேஸ்ட் என்பது சிப்புக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதிக்கும் நடுவில் பூசும் பசை. பல நேரம் அது தப்பான இடம். இன்றைய ப்ராசஸர்கள் சூடானவுடன் அணைவதில்லை. மாடலைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரிக்குள் ஓர் எல்லை இருக்கும். அதைத் தொட்டதும் கிளாக் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் திக்கும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) சரியும், ஃபேன் அலறும். அதற்கு மேலும் சூடு ஏறினால்தான் இயந்திரம் அணையும். எந்தத் திணறலும் இல்லாமல் சீராக ஓடிய ஆட்டம், ஸ்விட்சைத் தட்டியதுபோல நின்றதென்றால், முதல் சந்தேகம் மின்சாரம் வரும் வழியின் மேல்தான்: சார்ஜர், அதன் ஜாக், பேட்டரி, மதர்போர்டின் பவர் பகுதி.

மறுபடி ஆன் செய்ததும், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்ற பகுதியைத் திறங்கள். கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புப் பதிவு பெரும்பாலும் இருக்கும். அது காரணத்தைச் சொல்லாது. "ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்று மட்டும் சொல்லும். அதன் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை, மின்சாரம் அறுந்துவிட்டது என்று அர்த்தம். 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவரோ கார்டோ பதில் தராமல் தொங்கியது. 292 என்றால் ஹார்டுவேர் பிழை. இவை இரண்டும் நீலத்திரை வகை. தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நிறுத்திவைத்தால் அந்தத் திரை கண்ணில் படும். கெர்னல்-பவர் 86 இருந்தால் சூடு என்று உறுதி. அது இல்லாததால் மட்டும் சூடு இல்லை என்று ஆகிவிடாது.

41 இல்லாமல் 42 அல்லது 506 இருந்தால் லேப்டாப் அணையவே இல்லை, தூங்கப்போயிருக்கிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது: லேப்டாப்பின் திரை மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் காந்தத்தை உணர்வது. காந்தப் பட்டை போட்ட கைக்கடிகாரமோ, ஹெட்செட்டோ கீபோர்டின் ஓரம் பட்டால், திரை மூடப்பட்டதாக நினைத்துக்கொள்ளும்.

பக்செக்கோட் 0 என்று வந்தால் சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். கணக்கு எளிது. கிராபிக்ஸ் 140 வாட், ப்ராசஸர் 55 வாட், திரை, ஃபேன், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 30 வாட், மொத்தம் 225. கூடவே வந்த 230 வாட் சார்ஜருக்கே மூச்சு முட்டும் அளவு இது. அதே பின் பொருந்துகிறதே என்று 180 வாட் சார்ஜரை மாட்டினால் ஆபீஸ் வேலை ஓடும், ஆட்டத்தின் லோடிங் திரை முடிந்த நொடியில் அணையக்கூடும். டைப்-சி வழியாக 100 வாட் கொடுத்து விளையாடினாலும் வாட் போதாது. அணைந்தவுடன் சார்ஜரில் உள்ள சின்ன விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருந்து, சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் திரும்ப எரிகிறதென்றால், அதிக கரண்ட் போனதால் சார்ஜரே தன்னைப் பூட்டிக்கொண்டது.

ஜாக்கை யாரும் பார்ப்பதில்லை. 230 வாட், 19.5 வோல்ட் சார்ஜரில் கிட்டத்தட்ட 11.8 ஆம்ப் ஓடுகிறது. தளர்ந்த ஜாக்கில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே அந்த ஒரு புள்ளியில் சுமார் 14 வாட் சூடு, கூடவே 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. பின்னைப் பிடுங்கிப் பாருங்கள்: பழுப்பேறியிருந்தாலோ, அரைமணி ஆட்டத்துக்குப் பிறகு தொட முடியாமல் கொதித்தாலோ, லேசாக ஆட்டினால் சார்ஜிங் அடையாளம் வந்து வந்து போனாலோ, ஜாக்கை மாற்றியே ஆக வேண்டும். பல மாடல்களில் அது சிறு ஒயருடன் தனியாகக் கழன்று வரும் பாகம்.

அடுத்து பேட்டரி. சார்ஜர் மாட்டியிருந்தாலும் உச்ச லோடில் பல கேமிங் லேப்டாப்கள் மிச்ச வாட்டைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சும். புதிதில் தெரியாது. இரண்டு மூன்று வருஷத்தில் செல்களின் உள்தடை ஏறியபின், திடீரென்று இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து மொத்தமும் விழும். கமாண்ட் விண்டோவில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் பேட்டரி ரிப்போர்ட்டை (powercfg /batteryreport) எடுத்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இரண்டும் வரும். 90,000 மில்லிவாட்-ஹவருக்கு 50,000 சொச்சம்தான் மிஞ்சியிருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆக மறுத்தால் சோதனையெல்லாம் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி வெறும் சார்ஜரில் ஓட்டிப் பார்ப்பது பல மாடல்களில் சரியான சோதனை ஆகாது. பேட்டரி இல்லையென்றால் அவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எது என்று பிரித்தறிய, சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளின் லாகிங் போதும். அளவெடுக்கும் இடைவெளியை வழக்கமான 2,000 மில்லிசெகண்டிலிருந்து 500 ஆக்கி, ப்ராசஸர் சூடு, கிராபிக்ஸ் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி), இரண்டின் வாட், ஃபேன் ஆர்பிஎம், பேட்டரி சார்ஜ் ரேட் ஆகியவற்றைப் பதிவு செய்து விளையாடுங்கள். அணைந்தபின் ஃபைலின் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். கடைசி ஓரிரு வரி எழுதப்படாமல் போயிருக்கலாம். சார்ஜ் ரேட் மைனஸில் ஓடுகிறதா, ஃபேன் 0 காட்டுகிறதா, ஹாட்ஸ்பாட் சராசரிச் சூட்டைவிட 25 டிகிரிக்கு மேல் உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ப்ராசஸரை முழுவேகத்தில் ஓட்டும் சினிபெஞ்ச் மட்டும் பத்து நிமிடம், கிராபிக்ஸை அப்படி ஓட்டும் ஃபர்மார்க் மட்டும் பத்து நிமிடம், கடைசியில் இரண்டும் சேர்த்து. தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்து ஓடும்போது சூடு ஏறும் முன்பே விழுந்தால் சார்ஜர்-பேட்டரி பக்கம். ஃபர்மார்க் மட்டும் ஓடும்போதே விழுந்தால் கிராபிக்ஸ், அதன் பவர் பகுதி, அல்லது அதன் மேல் உள்ள பேட் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை போன்ற துண்டு).

பதிவு சூட்டைக் காட்டினால் மட்டும் லேப்டாப்பின் அடிமூடியைத் திறங்கள். முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. தூசு ஃபேன் இறக்கையில் இருப்பதைவிட ஃபேனுக்கும் செம்பு ஃபின்னுக்கும் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) நடுவில்தான் கம்பளித்துணி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்று அடித்தால் அது போகாது. ஃபேனைக் கழற்றி, அந்தப் படலத்தைச் சாமணத்தால் உரித்தெடுக்க வேண்டும். ஹீட்சிங்க் திருகுகளுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருந்தால் கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1 இலிருந்து, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக.

பேஸ்ட் விஷயத்தில் ஒரு கருத்து: நீர்த்த பேஸ்ட் லேப்டாப்புக்கு ஆகாது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்து சில மாதத்தில் நடுப்பகுதி வெறுமையாகிவிடும். பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும், சுமார் 45 டிகிரியில் இளகும் பிடிஎம் 7950 ஷீட் இந்தத் தொல்லை தருவதில்லை. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வேண்டவே வேண்டாம்; மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். மெமரி, பவர் பகுதி மேல் உள்ள பேட்களை மாற்றினால் பழைய தடிமனையே வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும், செய்த வேலை தலைகீழாகும். தடிமன் தெரியாவிட்டால், இடைவெளிக்கேற்ப அமுங்கும் மாவு போன்ற தெர்மல் புட்டி.

பாகம் வரும்வரை விளையாட வேண்டுமென்றால் எஃப்பிஎஸ்ஸை 60இல் கட்டி, பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக்குங்கள். ப்ராசஸர் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் டர்போ நின்று வாட் இறங்கும். மெனுத் திரையில்கூட எஃப்பிஎஸ் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாடில்லாத மெனு பல நூறு ஃபிரேம் ஓட்டி ஆட்டத்தைவிட அதிகம் இழுக்கும். இவ்வளவு குறைத்தும், வேறொரு முழு வாட் சார்ஜர் மாட்டியும், பக்செக்கோட் 0 உடன் விழுந்துகொண்டே இருந்தால் மதர்போர்டின் பவர் பகுதிதான் மிச்சம். அது போர்டு லெவல் சர்வீஸ் செய்பவரின் வேலை. லாக் ஃபைலையும் கையோடு கொண்டுபோங்கள்.