ஃபோர்ட்ரான் பாயிண்டர்: பதினோரு ஆண்டு அனுபவம்

மன்னார்குடி நண்பரின் மகள் ஆய்வுக்காக ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி பழகுகிறாள். "பாயிண்டர் பயன்படுத்தலாமா, மாமா?" என்று போன வாரம் கேட்டாள். பாயிண்டர் என்றால் நினைவகத்தில் வேறோர் இடத்தில் இருக்கும் தரவைச் சுட்டிக்காட்டும் மாறி. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

கல்லணையில் திறக்கும் தண்ணீர் வெண்ணாற்றின் கடைமடையை எப்போது எட்டும் என்று கணக்கிடும் நிரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆற்றை 400 துண்டுகளாக நறுக்கி, நீர்மட்டங்களை ஒரே அணியில், அதாவது வரிசை எண்ணிட்ட ஒரே பட்டியலில், வைத்திருக்கிறேன். அதில் 341 முதல் 400 வரை ஒரு பாயிண்டரால் சுட்டிவிட்டால், கடைமடை தனி அணிபோலக் கைக்கு வந்துவிடும். நகல் கிடையாது, அங்கே மாற்றினால் ஆற்றிலேயே மாறும். ஒன்றுவிட்டு ஒன்றாகக்கூடச் சுட்டலாம். சி மொழியில் பாயிண்டர் வெறும் முகவரி. இங்கே நீளமும் இடைவெளியும் அதனுடனேயே வருகின்றன. 1990ஆம் ஆண்டுத் தரத்திலேயே இந்த வசதி உண்டு.

சுட்டப்படும் அணியை 'டார்கெட்' என்று அறிவிக்க மறந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை என்று கத்தும். கத்தட்டும், அது நல்லதற்குத்தான். டார்கெட் இல்லாததை எந்தப் பாயிண்டரும் தொடாது என்று நம்பித்தான் அது வேகமான குறிமுறை தருகிறது.

கத்த வேண்டிய வேறோர் இடத்தில் அது வாயே திறப்பதில்லை. '=>' என்றால் சுட்டு; '=' என்றால் சுட்டிய இடத்தில் மதிப்பைக் கொட்டு. கல்லணைப் பக்கம், ஆற்றின் தலைப்பில் உள்ள 60 துண்டுகளைச் சுட்டிக்கொண்டிருந்த பாயிண்டரைக் கடைமடைக்குத் திருப்பும்போது ஒரு '>' விடுபட்டுவிட்டது. இரண்டு பக்கமும் 60 துண்டுகள் என்பதால் இலக்கணப்படி பிழையே இல்லை. கடைமடையின் வறட்சி தலைப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்லணையை ஒட்டிய வயல் காய்வதாகத் திரையில் வரைபடம்! எங்கள் ஊர்க் கிழவர்களிடம் காட்டியிருந்தால் சிரித்தே பிழையைக் கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. அதன்பின் மூன்று முறை அதே குழியில் விழுந்திருக்கிறேன்.

அறிவிக்கும்போதே '=> நல்()' (எதையும் சுட்டவில்லை என்று பொருள்) போடாத பாயிண்டர் இன்னொரு தொல்லை. அது எதையாவது சுட்டுகிறதா என்று 'அசோசியேட்டட்' என்ற ஃபோர்ட்ரான் கட்டளை வைத்துக் கேட்பதுகூடத் தவறு. பதிலை நம்ப முடியாது.

"வேண்டாம், நிரல் ஓடும்போது வேண்டிய அளவுக்கு இடம் ஒதுக்கும் 'அலகேட்டபிள்' அணி போதும், வேலை முடிந்ததும் நினைவகத்தை அதுவே திருப்பித் தந்துவிடும்" என்று அவளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு என் நிரலைத் திறந்தேன். பதினேழு பாயிண்டர்கள். ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை.