புட் ஆஃப்பா, போஸ்ட்போனா? மெயிலில் எதைப் போடுவது

மீட்டிங் தள்ளிப்போகிறது என்று ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டும்தான் முதலில் கைக்கு வரும். பொருள் ஒன்றுதான். பின்னால் ஒரு வினை வந்தால் இரண்டுக்குமே ‘இங்’ ஒட்ட வேண்டும்; ‘டு பே’ தப்பு, ‘பேயிங்’ சரி. அதில் சண்டை இல்லை. ஆபீஸ் மெயிலுக்கு நான் போஸ்ட்போன் கட்சி.

புட் ஆஃப் மோசம் என்று சொல்ல வரவில்லை. பேச்சுக்கு அதுதான் இலகு. இடம் கம்மியாக இருப்பதால் செய்தித்தாள் தலைப்புகளிலும் அதற்கு மவுசு. பல் டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறோமே, அந்தத் தயக்கத்தைச் சொல்லப் போஸ்ட்போனால் ஆகாது.

ஆனால் புட்டுக்கும் ஆஃப்புக்கும் நடுவில் எதை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் வம்பே. ‘மீட்டிங்’ போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அதுவே ‘இட்’ என்றால் நடுவில் மட்டும்தான்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்று அவசரத்தில் எழுதிவிட்டால் பல்லிளிக்கும். சரி, இலக்கணம் பழகிவிடும். அந்த இடத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் அர்த்தமே மாறிவிடுகிறது. ‘ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்’ என்றால் சாக்குச் சொல்லி இழுத்தடித்தார். ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்றால் அந்த வாடையிலேயே எனக்கு வெறுத்துப்போனது. ‘தி கிளையன்ட் வாஸ் புட் ஆஃப்’ என்று மேனேஜருக்கு ஒரு வரி போனால், வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டார் என்றுதான் அவர் பதறுவார். வாடிக்கையாளருடனான சந்திப்பு தள்ளிப்போனது என்று அந்த வரியில் எங்கே இருக்கிறது?

போஸ்ட்போனில் இந்தக் கூத்து கிடையாது. நிகழ்ச்சியைத் தள்ளலாம், பயணத்தைத் தள்ளலாம், முடிவைத் தள்ளலாம்; ஆளைத் தள்ள முடியாது. ‘இட்’டும் நேராகப் பின்னால் வந்து நிற்கும். மெயிலின் சப்ஜெக்ட் வரிக்குப் ‘போஸ்ட்போன்மென்ட்’ என்று ஒரு பெயர்ச்சொல்லும் கிடைக்கிறது.

நான் சொல்வது மெயில் கணக்கு மட்டும். நண்பர்களுக்கு அனுப்பும் மெசேஜில் போஸ்ட்போன் கொஞ்சம் விறைப்பாகத் தெரியலாம். அங்கே புட் ஆஃப்பே இருக்கட்டும்.

எழுதும்போது ‘டு’ அல்லது ‘அன்டில்’ போட்டுப் புது தேதியையும் அதே வரியில் கொடுத்துவிடுங்கள். மீட்டிங்கே கிடையாது என்றால் இரண்டும் வேண்டாம், ‘கேன்சல்’ அல்லது ‘கால் ஆஃப்’. முன்னால் இழுக்க நம் ஊர் ‘ப்ரீபோன்’ இருக்கிறது; வெளிநாட்டுக்காரருக்கு எழுதினால் ‘பிரிங் ஃபார்வர்ட்’ போடுங்கள்.